இரண்டு முறை எழுதும் தேதி

உதவித்தொகைக்கான வங்கி விவரங்களைப் பதிவேற்ற அன்றுதான் கடைசி நாள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு எண் மட்டும் வந்து சேரவில்லை. அவளுடைய அம்மா நூற்பாலையில் வேலை பார்க்கிறார். மதியம் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பின்னால் எந்திரங்களின் இரைச்சல். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றேன். அவரும் கத்தித்தான் பேசினார். நலம் விசாரித்தார், பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாளா என்று கேட்டார், மதியச் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது என்றார். பிறகு சீட்டில் எழுதி வைத்திருந்த எண்ணை ஒரே மூச்சில் படித்தார். எழுதிக்கொண்டேன், நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பல வாரங்கள் கழித்து வந்த பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'கணக்கு எண் தவறு' என்று இருந்தது. அவர் "மூணு" என்றதை நான் "ஒண்ணு" என்று எழுதியிருந்தேன். திருத்தம் செய்து பணம் வருவதற்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாஸ்புக்கைக் காட்டுவதற்காக அந்த அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். "பரவால்ல சார், மில்லுல சத்தம் அப்படி" என்று என் தவறையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பின்னர் பலமுறை நினைத்துப் பார்த்தேன். அதில் பாதிச் சொற்கள் எனக்குக் கேட்காமலே போயிருந்தாலும் நட்டமில்லை. "நல்லா இருக்கீங்களா" என்பது காற்றில் போனால் என்ன? ஆனால் எண்ணில் ஓர் இலக்கம் போனதால் எல்லாமே போயிற்று. அப்படியிருந்தும் நலம் விசாரிப்பையும் கணக்கு எண்ணையும் நான் ஒரே மாதிரி, ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

இத்தனைக்கும் நம் கையெழுத்தில் நாள்தோறும் இதற்கான வழி இருக்கிறது. மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதியை எண்ணிலும் எழுதுகிறோம், எழுத்திலும் எழுதுகிறோம். அங்க அடையாளங்களை அப்படி இரட்டித்து எழுதுவதில்லை. காசோலையில் தொகைக்கு மட்டும்தான் எண், எழுத்து என்று இரண்டு இடம். பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழிலும் அதே கதை. தந்திச் சேவை இருந்த காலத்தில், செய்தியிலுள்ள எண்களை மட்டும் திரும்ப அனுப்பிச் சரிபார்க்கும் வழக்கம் இருந்தது. மை பரவினாலும், ஈரம் பட்டாலும், கம்பியில் இரைச்சல் கலந்தாலும் எது பிழைத்திருக்க வேண்டும் என்று யாரோ முன்பே முடிவு செய்து, அதற்கு மட்டும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதே யோசனையைத் தகவல் தொடர்புப் பொறியாளர்கள் கணக்காகச் செய்கிறார்கள். 'சமமற்ற பிழைப் பாதுகாப்பு' என்று அதைச் சொல்லலாம். பெயர்தான் கடினம். உள்ளே இருப்பது நாம் மூன்றாம் வகுப்பில் நடத்தும் இட மதிப்பு.

5,738 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் இடத்தில் பிழை வந்து 8 என்பது 3 ஆனால் 5,733. ஐந்து ரூபாய் குறைவு. ஆயிரமாம் இடத்தில் பிழை வந்து 5 என்பது 1 ஆனால் 1,738. இரண்டிலும் மாறியது ஓர் இலக்கம்தான். இரைச்சலுக்கு எல்லா இலக்கமும் ஒன்றுதான், நமக்கு அப்படியில்லை.

கணினியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. அந்த எண்ணை எட்டு பிட்டுகளில் எழுதலாம். அவற்றின் இட மதிப்புகள் 128, 64, 32, 16, 8, 4, 2, 1. வெளிச்சம் 200 என்பது 11001000. இதன் கடைசி பிட் புரண்டால் 201. யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் பிட் புரண்டால் 72. வெள்ளைச் சுவரில் கரும்புள்ளி விழுந்துவிடும்.

இதை ஒன்பதாம் வகுப்பில் ஒரு விளையாட்டாக நடத்தினேன். தேவையானவை கட்டம் போட்ட தாளும் தாயக்கட்டையும் மட்டுமே. நம்மூர் நீளத் தாயம் அல்ல, ஆறு முகமுள்ள பகடை. பதினாறு இணைகளாகப் பிள்ளைகளைப் பிரித்தேன். நான்குக்கு நான்கு என்று பதினாறு கட்டமுள்ள ஒரு சிறு படம். ஒவ்வோர் இணைக்கும் ஒரு கட்டத்தின் வெளிச்ச எண். இணையில் ஒருவர் அனுப்புபவர், மற்றவர் பெறுபவர். நடுவில் பகடை: ஒவ்வொரு பிட்டையும் சொல்லும்போது பகடையை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் அந்த பிட் புரண்டுவிடும், 0 என்றால் 1, 1 என்றால் 0. அதுதான் எங்கள் நூற்பாலை.

விதி ஒன்றுதான். ஓர் எண்ணுக்கு மொத்தம் பதினாறு பிட்டுகளுக்கு மேல் அனுப்பக் கூடாது. எட்டு பிட்டுகளை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

எல்லா இணைகளும் முதலில் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: எல்லாவற்றையும் இரண்டு தடவை அனுப்புவோம். நியாயமாகத்தான் தெரிகிறது. உருட்டிப் பார்த்தோம். சிக்கல் உடனே வந்தது. ஒரு பிட் முதல் தடவை 1 என்றும் இரண்டாம் தடவை 0 என்றும் வந்தால் எதை நம்புவது? பிழை வந்திருக்கிறது என்று தெரிகிறது, எது சரி என்று தெரியவில்லை. இரண்டு பேர் சண்டையில் சாட்சி இல்லாத நிலை. ஒரு பிட்டின் இரண்டு பிரதிகளும் இப்படி முரண்படுவதற்கான நிகழ்தகவு 10/36, அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். படத்தில் பாதிக்கு மேல் கேள்விக்குறிகளாக நின்றது.

அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு பையன், "மூணு தடவை அனுப்பினா ஓட்டு போட்டுப் பாக்கலாம் சார்" என்றான். ஓட்டு என்பது நல்ல சொல். மூன்றில் இரண்டு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. ஆனால் எட்டு பிட்டுகளையும் மூன்று தடவை அனுப்பினால் இருபத்து நான்கு ஆகிவிடும், நமக்கு இருப்பதோ பதினாறு. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவனே கண்டுபிடித்தான்: முதல் நான்கு பிட்டுகளை மட்டும் மும்மூன்று தடவை, கடைசி நான்கை ஒரு தடவை. 12 + 4 = 16. செலவு அதேதான்.

மறுபடியும் உருட்டினோம். இப்போது கடைசி நான்கு பிட்டுகளுக்குப் பாதுகாப்பே இல்லை. அவை நான்குமே புரண்டாலும் எண்ணில் வரக்கூடிய பிழை 8 + 4 + 2 + 1 = 15-ஐத் தாண்டாது. முதல் நான்கோ ஓட்டெடுப்பில் நிற்கின்றன. பத்தாம் வகுப்புக்கு நடத்துபவர்கள் இதை நிகழ்தகவுக் கணக்காகவே கொடுக்கலாம். தனி பிட் புரள்வதற்கான நிகழ்தகவு 1/6. மூன்று பிரதிகளில் ஓட்டு தவறாகப் போக வேண்டுமானால் இரண்டாவது புரள வேண்டும்: 3 × 1/36 × 5/6 + 1/216 = 16/216, சுருக்கினால் 2/27. பிழை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கரும்பலகையில் வரைந்த படம் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும், அது ஒரு வீடு என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதல் முறையில் வரைந்ததில் அது வீடா மாடா என்றே சண்டை.

பிழை திருத்தும் குறியீடுகளின் வரலாறு சுருக்கமானது. 1948-இல் கிளாட் ஷானன், இரைச்சலுள்ள வழியிலும் ஒரு வரம்புக்குள் நம்பகமாகத் தகவல் அனுப்ப முடியும் என்று கணிதமாக நிறுவினார். அவரோடு பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் ஓடவிட்ட கணக்குகளைக் கணினி ஒரே ஒரு பிழைக்காகப் பாதியில் கைவிட்டுவிடுவதில் எரிச்சலடைந்து, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குறியீட்டை உருவாக்கி 1950-இல் வெளியிட்டார். அவருடைய முறையில் எல்லா பிட்டும் சமம். பிட்டுகளில் சிலவற்றை மட்டும் கூடுதலாகக் காக்கும் குறியீடுகளை 1967-இல் மாஸ்னிக், உல்ஃப் ஆகிய இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். எங்கள் பின் வரிசைப் பையனுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்களா" என்று வருத்தப்பட்டான்.

இது ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடவில்லை. உங்கள் பையில் பட்டன் கைப்பேசி இருந்த காலத்தில் இதை நாள்தோறும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஜி.எஸ்.எம். என்ற இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி முறை நம் குரலை 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. அதில் முதலில் வந்த குரல் குறியீட்டு முறையில், ஒவ்வொரு துண்டும் 260 பிட்டுகள். அவற்றை அனுப்ப வானொலி அலையில் கிடைக்கும் இடம் 456 பிட்டுகள். எல்லாவற்றையும் இரட்டித்தால் 520 ஆகிவிடும், இடம் போதாது. எங்கள் வகுப்பில் இருந்த அதே நெருக்கடி.

அவர்கள் செய்தது இது. 260 பிட்டுகளையும் மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் 50 பிட்டுகள். பேசுபவரின் வாயும் தொண்டையும் அந்தக் கணத்தில் இருக்கும் வடிவத்தையும், குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதையும் சொல்லும் எண்களின் பெரிய இட மதிப்புகள் இதில் அடங்கும். இவற்றில் ஒன்று புரண்டாலும் காதில் அறைவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அடுத்த வகுப்பில் 132 பிட்டுகள், நடுத்தரம். கடைசியில் 78 பிட்டுகள். இவை புரண்டால் லேசான கரகரப்பு, அவ்வளவுதான்.

முதல் 50-க்கு 3 சரிபார்ப்பு பிட்டுகள் சேர்க்கப்படும். பிறகு அந்த 53, நடுத்தர 132, முடிவைக் குறிக்கும் 4 எல்லாம் சேர்ந்து 189. இவை மட்டும் இரட்டிக்கப்பட்டு 378 ஆகின்றன. வெறுமனே இரண்டு தடவை எழுதுவதல்ல இந்த இரட்டிப்பு. அப்படிச் செய்தால் சாட்சி இல்லாத சண்டைதான் வரும் என்று பார்த்தோமே. ஒவ்வொரு பிட்டுக்கும் வெளியே வரும் இரண்டு பிட்டுகளும், அந்த பிட்டையும் அதற்கு முந்தைய நான்கையும் கலந்து கணக்கிடப்பட்டவை. அதனால் அக்கம்பக்கத்துப் பிட்டுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. 'பள்ளிக்_டம்' என்று எழுதியிருந்தால் விட்டுப்போன எழுத்தை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடுகிறோம் அல்லவா, அதுபோல. கடைசி 78 பிட்டுகளோ எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அப்படியே போகின்றன. 378 + 78 = 456. ஒரு பிட் மிச்சமில்லை.

அந்த 3 சரிபார்ப்பு பிட்டுகள் எதற்கு? இவ்வளவுக்குப் பிறகும் முதல் 50-இல் பிழை தங்கிவிட்டது என்று அவை சொன்னால், கைப்பேசி அந்தத் துண்டையே தூக்கி எறிந்துவிட்டு, முந்தைய 20 மில்லி வினாடித் துண்டை வைத்து இட்டு நிரப்பும். தொடர்ந்து கெட்ட துண்டுகளே வந்தால் ஒலியைக் குறைத்து மௌனமாகிவிடும். பேருந்து மலைப்பாதையில் திரும்பும்போது எதிர்முனைக் குரல் முதலில் கரகரத்து, பிறகு வெட்டி வெட்டி, பிறகு அறவே நின்றுபோனது நினைவிருக்கிறதா? பாதுகாப்பில்லாதவை முதலில் போயின. கடைசிவரை தாக்குப்பிடித்தவை அந்த 50.

அந்த 50 எவை என்பதைச் சூத்திரம் மட்டும் சொல்லிவிடாது. ஒரு பிட் புரண்டால் எவ்வளவு மோசமாகக் கேட்கும் என்பதற்கு மனிதக் காதுதான் அளவுகோல். காதுக்கு எது முக்கியம் என்ற முடிவு முதலில். கணக்கு அதற்குப் பிறகு.

இங்கேதான் என் வகுப்பில் ஒரு சோதனை வந்தது. விளையாட்டு வெற்றி என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, ஒரு மாணவி மறுநாள் தானே ஒரு படம் எழுதிக்கொண்டு வந்தாள். நிலா இல்லாத இரவு; ஒரு வீடு, ஒரு மரம். மரத்துக்கு வெளிச்சம் 3, வீட்டுக்கு 9, வானத்துக்கு 14. "இதுக்கும் அந்த முறை சரியா வருமா சார்?" எண்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எல்லாமே 16-க்குக் கீழ். எல்லாப் புள்ளியிலும் முதல் நான்கு பிட்டுகள் 0000. நம் முறை அந்தப் பூச்சியங்களை மும்மூன்று தடவை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டையும் மரத்தையும் பிரித்துக் காட்டும் நான்கு பிட்டுகளும் தெருவில் நிற்கும். 3 என்பது 0011. எட்டின் இடத்தில் ஒரு பிட் புரண்டால் 1011, அதாவது 11. மரம் வீட்டைவிட வெளிச்சமாகிவிடும். பகல் படத்தில் இது தூசி. மங்கலான எக்ஸ்ரே படத்திலோ மருத்துவர் தேடுவதே அந்தச் சிறு வேறுபாடாக இருக்கலாம்.

எது முக்கியம் என்பது பிட்டின் இடத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பொருளையும் பொறுத்தது என்று என் பாடக்குறிப்பில் நான் எழுதவில்லை. அவள் எழுதவைத்தாள்.

தீர்வையும் வகுப்பே சொன்னது. படத்துக்கு முன்னால் ஒரே ஒரு பிட்: இது பகல் படமா, இரவுப் படமா. அதைப் பார்த்துவிட்டு எந்த நான்கு பிட்டுகளைக் காப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். அப்படியானால் அந்த முதல் பிட்டை எத்தனை தடவை அனுப்புவது? அது தவறினால் படம் முழுவதும் தவறு. ஐந்து என்றார்கள், ஒன்பது என்றார்கள். ஒருவன் நூறு என்றான்.

நூறு தேவையில்லை என்று காட்டப் பாடநூலையே எடுத்தேன். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் நாம் கைப்பேசியைக் காட்டும் கியூ.ஆர். குறியீடுகள் இருக்கின்றன. 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய முறை அது. அதில் தகவலைக் காக்க நான்கு நிலைகள் உண்டு. சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு வரை சேதமானாலும் மீட்கலாம். நிலை உயர உயரத் தகவலுக்குரிய இடம் குறையும். ஆனால் எந்த நிலை, கட்டங்களைக் கறுப்பு வெள்ளையாகக் கலைத்துப் போட எட்டு வகைகளில் எந்த வகை பயன்பட்டது என்ற இரண்டு செய்திகள் தெரியாமல் ஒரு கட்டத்தையும் படிக்க முடியாது. அந்தச் செய்திகள் வெறும் 5 பிட்டுகள். அவற்றை 15 பிட்டுகளாக நீட்டி, அந்தப் பதினைந்தையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் பதிக்கிறார்கள். 5 பிட்டுக்கு 30 கட்டம்! ஒரு பிரதியில் மூன்று பிட்டுகள் வரை கெட்டாலும் திருத்திவிடலாம், மூலையே கிழிந்தாலும் மற்றொரு பிரதி இருக்கும்.

வகுப்பில் செய்து பாருங்கள். குறியீட்டின் நடுவே சிறு காகிதத் துண்டை வையுங்கள், பெரும்பாலும் படித்துவிடும். துண்டை மெல்லப் பெரிதாக்கினால் எந்த அளவில் தோற்கிறது என்று பிள்ளைகள் அளந்து எழுதலாம். பிறகு அதே அளவுத் துண்டை மூலைச் சதுரத்தின் மேல் வையுங்கள். பரப்பு ஒன்றுதான், முடிவு வேறு. பாடநூலில் பேனாவால் கிறுக்கும் பிள்ளைகளுக்கு இது தேவையில்லாத அறிவாகவும் போய்விடலாம். எங்கள் வகுப்பில் போயிற்று.

உதவித்தொகை அடுத்த சுற்றில் வந்துசேர்ந்தது. இப்போது தொலைபேசியில் எண் வாங்கும்போது நான் மும்மூன்று இலக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். பெற்றோரும் பழகிவிட்டார்கள். "மூணு சார், ஒண்ணு ரெண்டு மூணு, அந்த மூணு" என்று அழுத்திச் சொல்கிறார்கள். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், தவறாக எழுதினால் கணினியே மறுத்துவிடும் வாய்ப்பு அதிகம். காதால் கேட்டு எழுதும் எண்ணுக்கு அந்தக் காவல் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சென்ற மாதம் மாற்றுச் சான்றிதழ்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நின்ற அந்த இரவுப் பட மாணவி கேட்டாள்: "தேதிய ரெண்டு தடவ எழுதறீங்க. பேர மட்டும் ஏன் சார் ஒரு தடவ?" படிவத்தை வடிவமைத்த காலத்தில் வயதுதான் தகராறுக்குரிய செய்தியாக இருந்திருக்கலாம் என்றேன். இப்போது பள்ளிப் பதிவு, ஆதார், வங்கி என்று மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டியிருக்கிறது. ஒரு முன்னெழுத்து இடம் மாறியதற்காக அலைந்த பெற்றோரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவளே தன் பெயரில் 'ழ' இருப்பதாகவும், அப்பாவின் அட்டையில் அதை ஒருவிதமாகவும் தன் அட்டையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாகவும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த சான்றிதழை நிறுத்திவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, நான் சரிபார்த்தேன். நாற்பத்தொரு பெயர்களில் இரண்டு தவறாக இருந்தன.